மனஅளவைத் தேர்வில் மதிப்பெண் நியாயம்: சேலம் வாசகர் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி பெற்றோர்: மேடம், மனஅளவைத் தேர்வுல, அதாவது பிள்ளைங்க திறனை அளக்கற தேர்வுல, பையனுக்கு மொழித்திறன் 104, வேகம் 92. வேகத்துல பின்தங்கிட்டானா?

பதில்: இந்த 12 புள்ளியை வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 15, இரு பகுதிக்கும் நம்பகத்தன்மை (மறுபடி எழுதினாலும் மதிப்பெண் மாறாமலிருக்கும் அளவு) 0.85 என்று வையுங்கள். 2-லிருந்து இரண்டு 0.85-ஐயும் கழித்தால் 0.30. அதன் வர்க்கமூலத்தை 15-ஆல் பெருக்கினால் 8.2, அதை 1.96-ஆல் (95 சதவீத உறுதிக்கான எண்) பெருக்கினால் 16. வித்தியாசம் 16-ஐத் தாண்டினால்தான் அது தற்செயல் இல்லை என்ற பேச்சே. தாண்டினாலும், அவ்வளவு வித்தியாசம் எத்தனை சதவீதப் பிள்ளைகளுக்கு வருகிறது என்ற கையேட்டு அட்டவணையைப் பார்க்காமல் குறைபாடு என்று எழுதக்கூடாது.

ஓமலூர் ஆசிரியர்: தேர்வின் ஐந்து பகுதியையும் கூட்டி ரேங்க் போடலாமா?

பதில்: வேண்டாம். கச்சா மதிப்பெண்ணை, அதாவது எதுவும் மாற்றாமல் நேரடியாக வாங்கிய மதிப்பெண்ணை, கூட்டினால் பரவல் அதிகமுள்ள பகுதியே ரேங்கைத் தீர்மானித்துவிடும்.

ஏற்காடு ஆசிரியை: மலைக்கிராமப் பிள்ளைங்க கணக்குப் பகுதியில் குறைவா வாங்கறாங்க. தேர்வு பாரபட்சமானதா?

பதில்: சராசரி குறைந்ததை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. கணக்குப் பகுதியின் மொத்தத்தை வைத்துப் பிள்ளைகளை நான்கைந்து அடுக்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் மலை, டவுன் இரு தரப்பிலும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணுங்கள். மாண்டல்–ஹென்செல் என்ற புள்ளியியல் முறையில் எல்லா அடுக்கையும் சேர்த்தால், சரியாகச் செய்யும் வாய்ப்பை மலை, டவுன் இரு தரப்புக்கும் ஒப்பிடும் ஒரு விகிதம் வரும். அது 1-ஐ ஒட்டியிருந்தால் கேள்வியில் சாய்வு தெரியவில்லை என்று அர்த்தம். விலகிய கேள்விகளை எடுத்துவிட்டு, மொத்தத்தைப் புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

“அஞ்சு ரோட்டில் டவுன் பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்கினால் மீதிச் சில்லறை எவ்வளவு?” என்ற கேள்வி கழித்தலோடு நகரப் பழக்கத்தையும் வாசிப்பையும் சேர்த்தே அளக்கிறது. அதே எண்களை மிளகு எடைபோடும் கணக்காக்கிக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் பெரும்பாலான கேள்விகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மொத்தமே சாய்ந்திருக்கும். மாண்டல்–ஹென்செல் முறை அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆத்தூர் வாசகர்: மலைக்குத் தனி நார்ம் (மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிற அளவு அட்டவணை) போட்டா வேலை முடிஞ்சது!

மேட்டூர் வாசகர்: அது சலுகை. எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் நியாயம்.

பதில்: ரெண்டு பேருமே மதிப்பெண் எதற்கு என்று சொல்லவில்லை. வாசிப்பு உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் தேர்வென்றால், தனி நார்ம் அந்தக் குறைவைச் சராசரியாகக் காட்டி உதவியைப் பறித்துவிடும். பழுதான கேள்வியும் உள்ளேயே கிடக்கும். ஒரே அளவுகோல் என்கிறீர்களே, பஸ் கேள்வி இருக்கும்வரை அது ஒரே திறனை அளக்கவில்லை.

எடப்பாடி வாசகர்: மொத்தத்தில் எத்தனை எடுத்தால் பாஸ்?

பதில்: ஓமலூர்க்காரருக்குச் சொன்னதுதான். கூட்டாதீர்கள்.

சங்ககிரி மனிதவள அலுவலர்: இரண்டு வாக்கியங்களில் தனக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆளுமைத் தேர்வில் இருவரை ஒப்பிடலாமா?

பதில்: வழக்கமான எண்ணிக்கை முறையில் எல்லாருக்கும் மொத்தம் ஒன்றேதான், ஒரு பண்பு ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆகணும். ஒருவருக்குள் எது மேலோங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு வேலை கொடுக்காதீர்கள்.

ஆத்தூர் வாசகர்: அப்ப தனி நார்மே கூடாதா?

பதில்: பழுதான கேள்விகளை நீக்கிய பிறகு, மலைப்பிள்ளைகளுக்குள்ளேயே யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கப் போடலாம். அறிக்கையில் பொது நார்ம் மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே எழுதணும்.