டேப் பக்கத்து வீட்டோடு நிற்காது

கேள்வி: தாராசுரத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. திண்ணையில் உட்கார்ந்தால் ஐராவதேசுவரர் கோயில் விமானம் தெரியும். மாமனார் காலத்திலிருந்து அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தறியில் உட்காருவோம். போன தையில் பக்கத்து வீட்டுக்காரர், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, இரண்டு மாடி எழுப்பி அதற்கும் மேல் தகரக் கொட்டகை போட்டுவிட்டார். விமானமும் போச்சு, வெளிச்சமும் போச்சு. கேட்டால், "மாநகராட்சி அப்ரூவல் இருக்கு, ஆனதைப் பாருங்க" என்கிறார். கட்டடத்தை இடிக்க வைக்க வேண்டும். தொல்லியல் துறை, கலெக்டர், மாநகராட்சி மூவருக்கும் என் மகன் மனு எழுதி வைத்திருக்கிறான். (நாங்களும் 2014-ல் மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் போட்டோம். அது சின்னதுதான்.)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தக் கடைசி வரியைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தெறிந்து பேசியது வழக்கில் வராது. விமானம் தெரியவில்லை என்பதும் வராது. காட்சியைக் காக்கும் உரிமை தனி மனிதருக்குச் சட்டத்தில் இல்லை. எனக்கும் வருத்தம்தான். விமானம் சுமார் 80 அடி, கோயில் இருப்பதோ தெருவை விடத் தாழ்வான தரையில். மழைக்காலத்தில் நந்தி நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தட்டை மண்ணில் எதிரே 35 அடிச் சுவர் எழும்பினாலே விமானம் காணாமல் போகும். ஆனால் என் வருத்தத்தை வைத்து வாதாட முடியாது.

சட்டப்படி இதில் ஒரே ஒரு கேள்வி. கோயிலின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர், அவர் வீடு எத்தனை மீட்டர்? விமானத்திலிருந்து அளக்கக் கூடாது, எல்லையிலிருந்து அளக்க வேண்டும். 1958-ம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டுமானமே கிடையாது. பழைய வீட்டைப் பழுது பார்க்கக்கூட முன் அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதியோடு, அவர்கள் சொன்ன உயரத்துக்குக் கட்டலாம். மாநகராட்சி அப்ரூவலும், கட்டுகிறவரே சான்று கொடுத்து ஆன்லைனில் எடுக்கும் சுயசான்று அனுமதியும் இந்த அனுமதிக்கு ஈடாகாது. 100 மீட்டருக்குள் அவர் கட்டியிருந்தால் அந்த அப்ரூவல் வெறும் காகிதம். மீறினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைப் படித்ததும் உங்கள் மகனுக்கு உற்சாகம் வந்திருக்கும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் 2014 அறையும் அதே சட்டத்துக்குள்தான் நிற்கிறது. சின்ன அறைக்குச் சின்ன சட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகர ஊரமைப்புச் சட்டத்தின் அந்தச் சலுகை 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். அதுவும் தொல்லியல் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

சில வருடங்களுக்கு முன் டெல்டாவிலேயே இன்னொரு கோயில் ஊரில், வக்கீலான என்னிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் மனு மேல் மனு போட்டார். கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே போய், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவும் வாங்கிவிட்டார். தெருவில் வெடி வெடிக்காத குறை. அடுத்த வாரம் சர்வேயர் டேப்போடு வந்தார். எதிர்வீட்டுக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, டம்ளரைத் திரும்ப வாங்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "அப்படியே அவங்க மாடிப்படி ரூமையும் அளந்துருங்க சார்." இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ். எதிர்வீட்டுக்காரரிடம் பணம் இருந்தது, நல்ல வக்கீல் வைத்து வாய்தா வாங்கிக்கொண்டே போனார். என் கட்சிக்காரர் அந்த ரூமை ஆள் வைத்து இடித்தார். உயர் நீதிமன்றத்தில் சுத்தமான கைகளோடு வர வேண்டும் என்பார்கள். தன் மீறலை மறைத்து அங்கே ரிட் மனு போட்டால் முதல் நாளே எதிர்த்தரப்பு போட்டோவை நீட்டும்.

உங்களிடம் இருக்கும் நல்ல துருப்பு நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிப்போன வெளிச்சம். காலை பத்து மணிக்கே ட்யூப்லைட் போட்டுத்தான் அறுந்த இழையைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் அது வழக்கு. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு ஜன்னல் வழியாக 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சம் வந்திருந்தால் அது உரிமையாகிவிடும். வழக்கமாகச் செய்துவரும் தொழிலை முன்போல் நடத்த முடியாமல் போனால் அதைப் பெரிய பாதிப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தறி அதற்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஜன்னல் மறைந்த 2 வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். போன தை என்றால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெயித்தாலும் மாடியை இடிக்க உத்தரவு வரும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் நஷ்டஈடுதான்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். வெளிச்சத்தை மட்டும் பேசுங்கள். தகரக் கொட்டகையைக் கழற்றுவது, உங்கள் பக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது, தறிக்கு மேல் கூரையில் கண்ணாடி ஓடு பதிக்கும் செலவை அவர் ஏற்பது: இவ்வளவு கிடைத்தால் கையெழுத்துப் போடலாம். அவருக்கும் பயம் இருக்கிறது. அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் உரிமம் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. அவர் வைத்திருப்பதோ வாடகை அறைகள்.

ஆனால் அந்தப் பயத்தை நீங்கள் வாயால் சொல்லக் கூடாது. இங்கேதான் பலர் விழுகிறார்கள். "தொல்லியல் துறைக்கு எழுத மாட்டேன், இவ்வளவு கொடு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போனாலும் போதும், மிரட்டிப் பணம் கேட்டதாக உங்கள் மகன் மேல் புகார் வரும். புகார் கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த ஷரத்தும் செல்லாது. அப்புறம், உங்களுக்குள் சமாதானம் ஆனதால் அவர் மாடியோ உங்கள் அறையோ சட்டப்படி சரியாகிவிடாது. நாளைக்கு மூன்றாவது ஆள் மனு போட்டால் இரண்டும் அளவுக்கு வரும்.

மகன் எழுதி வைத்த மூன்று மனுவும் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னலின் பழைய போட்டோ, தறி உங்கள் வீட்டில் 20 வருடமாக ஓடுவதைக் காட்டும் நெசவாளர் சங்கக் கணக்கு, வீட்டுப் பத்திரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகும்போது மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.