இரண்டு மணி நேர அத்தியாயம், கொடுத்த விலைக்குத் தகுமா?

கேள்வி: அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகும் வீடியோ கேம்கள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. இவற்றுக்குப் பணம் கொடுக்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நேரத்தை மட்டும் வைத்து விலையை எடை போட வேண்டாம். 2012இல் ஐந்து அத்தியாயங்களாக வந்த 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில், நாம் எடுக்கும் முடிவுகளை அடுத்தடுத்த அத்தியாயங்களும் நினைவில் வைத்திருப்பதால், அந்தக் குறுகிய நேரமும் கனமாகவே இருக்கிறது; பணிக்குச் சென்று திரும்பி இரவில் விளையாடுபவர்களுக்கு அந்த அளவு வசதியும்கூட. நான் அஞ்சுவது, கதை பாதியில் நின்றுவிடுவதைத்தான். 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டின் இரண்டாம் அத்தியாயம் 2007இல் வந்தது. அறிவிக்கப்பட்ட மூன்றாம் அத்தியாயம் வரவேயில்லை. 'கென்டக்கி ரூட் ஜீரோ' 2013இல் தொடங்கி, 2020இல்தான் நிறைவுற்றது. ஆகவே, எல்லா அத்தியாயங்களும் வெளிவந்த பின், தள்ளுபடிக் காலத்தில் முழுத் தொகுப்பாக வாங்குங்கள்.