பிரான்ஸில் முதல் கேம்பிங்: தூரத்தைக் குறையுங்கள், மெத்தையைக் கூட்டுங்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். நான், மனைவி, 7 மற்றும் 11 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்டில் இரண்டு வாரம் சொந்தக் காரில் பிரான்ஸ் போய் டென்ட் அடித்துத் தங்க ஆசை. மத்தியதரைக் கடல்வரை போய்வரலாம் என்று திட்டம். இதுவரை யாரும் டென்டில் தூங்கியதில்லை. மனைவிக்கு மட்டும் இந்தியப் பாஸ்போர்ட். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் மத்தியதரைக் கடலை இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள். கலே துறைமுகத்திலிருந்து அந்தக் கடலோரம் இருக்கும் மோன்பெலியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் காரிலேயே கழியும். வழியில் ஒரு ராத்திரி, களைத்துப்போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருட்டில், பழக்கமில்லாத டென்டை அடிக்க வேண்டியிருக்கும். முதல் கேம்பிங் கசந்துபோக மழையைவிட இதுதான் பெரிய காரணம். கலேயிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சொம் கழிமுகம் வந்துவிடும். நோர்மண்டியின் கான் பக்கத்துக் கடற்கரைகள் நாலு மணி நேரத்துக்குள். வாரத்துக்கு ஒன்றாக இரண்டே இடம் போதும். இரண்டு நாளுக்கொருமுறை டென்டைப் பிரித்துக் கட்டுவது விடுமுறை இல்லை, கூலி வேலை.

செலவு கட்டுப்படியானால் முதல் வாரத்துக்கு, கட்டிலும் அடுப்பும் குளிர்பெட்டியுமாக ஏற்கெனவே அடித்துவைத்த டென்டை வாடகைக்கு எடுங்கள். யூரோகேம்ப் போன்ற நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. சொந்த டென்ட்தான் என்றால், புறப்படும் முன் இங்கிலாந்திலேயே ஒரு ராத்திரி அதில் தூங்கிப் பாருங்கள். என்ன குறைகிறது என்று அந்த ஒரு ராத்திரியே சொல்லிவிடும்.

மனைவிக்கு ஷெங்கன் விசா கட்டாயம். கணவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பது இதில் உதவாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் விசா மையத்தின் முன்பதிவு நேரங்கள் சீக்கிரம் தீரும், அதனால் வசந்தகாலத்திலேயே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், தங்கும் இடத்துக்கான அத்தாட்சியும் கேட்பார்கள். கேம்ப்சைட்டின் முன்பதிவுச் சீட்டைக் காட்டலாம். போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற திட்டத்துக்கு இங்கே இடமில்லை. பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்வது நல்லது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகள், நுழையும் நாளில் வழங்கப்பட்டுப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதைப் பலர் துறைமுகத்தில்தான் கவனிக்கிறார்கள்.

அடுத்தது சாப்பாட்டுக் கூடை. பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. நெய், தயிர், பனீர், சிக்கன் சாண்ட்விச் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, மிளகாய்க்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதனால் அவற்றையும் விட்டுவிடுங்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் விலக்கு உண்டு. அரிசி, பருப்பு, புளி, மசாலாப் பொடி, ஊறுகாய் தாராளமாகப் போகும். நெய்க்காகப் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் வரை சுற்ற வேண்டாம். பக்கத்து பிரெஞ்சுக் கடையில் உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி உருக்கினால் பத்து நிமிடத்தில் நெய்.

சமையலில் அதிகம் சறுக்குவது மின்சாரத்தில்தான். பல கேம்ப்சைட்டுகளில் ஓர் இடத்துக்கு 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். வீட்டுக் கெட்டில் 3,000 வாட், இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். போட்ட உடனே ஃபியூஸ் போகும், அதைத் திரும்பப் போட வரவேற்பறை ஆளைத் தேட வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கரும் குளிர்பெட்டியும் சேர்ந்து ஓடும். சாதம் வேகும்போது மிக்ஸியையும் போட்டால் எல்லை தாண்டிவிடும், ஒன்று முடிந்து ஒன்று. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கொண்ட 25 மீட்டர் கேம்பிங் கேபிள் வாங்குங்கள். சுருளாகவே விட்டால் சூடேறி உருகும், முழுக்க விரித்துத்தான் போட வேண்டும். பழைய இடங்களில் நீல நிற மூன்று முனை சாக்கெட்டுக்குப் பதிலாக பிரெஞ்சு வீட்டு சாக்கெட் இருக்கும், அதற்கான அடாப்டர் ஒன்றும் வேண்டும்.

கேஸ் அடுப்புக்கு, பிரிட்டனின் கேலர் சிலிண்டரை அங்கே மாற்ற முடியாது. கேம்பிங்காஸ் நீலச் சிலிண்டர் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். 907 என்ற அளவில் 2.75 கிலோ பியூட்டேன். 2 கிலோவாட் பர்னர் ஒன்றை முழுத் தீயில் ஏறக்குறைய 17 மணி நேரம் எரிக்கலாம், இரண்டு வாரச் சமையலுக்குத் தாராளம். மழை பெய்தாலும் அடுப்பையோ, அணைந்ததுபோல் தெரியும் கரி பார்பெக்யூவையோ டென்டுக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

தூக்கத்துக்கு வருவோம். நாலு பேருக்கு ‘ஆறு பேர் டென்ட்’ வாங்குங்கள். அந்த எண் உடம்புகளை மட்டும் கணக்கிட்டது, பெட்டிகளை இல்லை. ஆகஸ்டிலும் வட பிரான்ஸில் விடியற்காலை குளிரும். அந்தக் குளிர் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து. வெறும் காற்று மெத்தையில் உள்ளே இருக்கும் காற்று சுழன்று உடம்புச் சூட்டை மண்ணுக்குக் கடத்திவிடும். அதனால் இன்னொரு போர்வையைப் போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. உள்ளே ஃபோம் உள்ள, தானாக உப்பும் மெத்தை இருந்தால் போதும். இல்லாவிட்டால் காற்று மெத்தைமேல் கம்பளி விரியுங்கள். காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம், உங்கள் மூச்சின் ஈரம்தான். காற்றுத்துளைகளை மூடாதீர்கள். கடற்கரை மணலில் டென்டோடு வரும் மெல்லிய முளைகள் நிற்காது, அகலமான நீண்ட முளைகள் தனியே வாங்குங்கள்.

கிளம்பும் நாளைச் சனிக்கிழமையாக வைக்காதீர்கள். ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் பாதி பிரான்ஸ் அன்றுதான் சாலையில் இருக்கும். காரில் ஆளுக்கொரு ஒளிரும் ஜாக்கெட் (டிக்கியில் இல்லை, இருக்கைக்கு அருகில்), எச்சரிக்கை முக்கோணம், எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட் ஒட்டி, யூகே ஸ்டிக்கர், வண்டிப் பதிவுப் பத்திரம் இருக்கட்டும். கான் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக் கதவே கிடையாது. சுங்கத்தை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம் வீடு தேடி வரும்.

கேம்ப்சைட் வரவேற்பறை பெரும்பாலும் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை சாத்தியிருக்கும், இரவு பத்து மணியளவில் வாசல் தடுப்பும் இறங்கிவிடும். கழிப்பறைக் காகிதம் நீங்களே கொண்டுபோங்கள். நீச்சல் குளத்தில் தொளதொள ஷார்ட்ஸுக்கு அனுமதி இல்லை, ஒட்டிப் பிடிக்கும் நீச்சல் டிரவுசர்தான். உங்களுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கடைசி நாள் ஈர டென்டைச் சுருட்டித்தான் வர வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பையோடு மூலையில் போடாமல், ஒருநாளுக்குள் கொடியிலோ மாடிப்படிக் கைப்பிடியிலோ விரித்துக் காயப்போடுங்கள். பூஞ்சை பிடித்த துணியிலிருந்து நாற்றமும் கறுப்புப் புள்ளியும் போகாது.