பதில்: 12 சேல்ஸ் ஆட்களுக்கும் கம்பெனி ஃபோன் வாங்கித் தரலாமா?

பன்னிரண்டு பேரும் சொந்த ஃபோனில்தான் ஸ்டாக்கும் பாக்கியும் பார்க்கிறார்கள், விலகிப் போனவர் கஸ்டமர் லிஸ்ட்டோடு போய்விட்டார், அதனால் புது ஃபோன் வாங்கலாமா என்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். எக்செல் ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஓட்டை அங்கேதான்.

ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்று ஒன்று 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதே ஃபோனுக்குள் அலுவலகத்துக்கு ஒரு தனி அறை மாதிரி. அதிலுள்ள ஆப்களின் ஓரத்தில் குட்டிப் பெட்டி அடையாளம் தெரியும், அங்கிருந்து வெளியே காப்பி-பேஸ்ட் செய்வதைத் தடுக்கலாம், ஆள் விலகினால் எம்டிஎம் என்கிற, ஃபோன்களைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள் வழியாக அந்த அறையை மட்டும் இங்கிருந்தே அழிக்கலாம், அவருடைய குழந்தை ஃபோட்டோவெல்லாம் அப்படியே இருக்கும். (ஃபோன் நெட்டில் இருந்தால்தான் அந்த உத்தரவு போய்ச் சேரும். திரையை இன்னொரு ஃபோனில் படம் எடுத்தால் யாராலும் தடுக்க முடியாது, அது வேறு கதை.)

நானும் ஒரு தடவை மலிவாக எட்டு ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். உச்சி வெயிலில் திரை தெரியவில்லை, மூன்று மணிக்கே சார்ஜ் காலி, ஒரே மாதத்தில் எல்லோரும் பழையபடி சொந்த ஃபோனுக்கே போய்விட்டார்கள். எப்படியும் வாங்குவதென்றால் கேமராவைப் பார்க்காதீர்கள். பேட்டரி, வெளிச்சம், செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று பாருங்கள்.

அப்புறம், ஸ்டாக்கும் பாக்கியும் பார்க்க எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு ஆளுக்கொரு லாகின் போடுங்கள், அவரவர் ஏரியா மட்டும் தெரிகிற மாதிரி.