மாதுளை: பழம் வேறு, தோல் வேறு, வேர்ப்பட்டை வேறு

மாதுளை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பொதுவாக "மாதுளை நல்லது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் முத்து, தோல், பூ, வேர்ப்பட்டை ஒவ்வொன்றும் உடம்பில் செய்யும் வேலை வேறு. எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு என்று பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, என் மகளுக்கு 15 வயது. ஹீமோகுளோபின் 9 என்று வந்திருக்கிறது. மாதுளை ஜூஸ் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்கிறார்கள். எத்தனை நாள் கொடுக்கலாம்?

ஜூஸை நம்பி நாளைக் கடத்தாதீர்கள் அம்மா. இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

100 கிராம் மாதுளை முத்தில் இரும்புச்சத்து சுமார் 0.3 மி.கி. தான். உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மி.கி. வேண்டும். மாதுளையில் இருந்தே அதை எடுப்பதென்றால் தினமும் 5 கிலோ முத்து தின்ன வேண்டும். முத்தின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி; இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறத்தைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை இது. நம்பி ஏமாறுவது பெரும்பாலும் வளரும் பெண்பிள்ளைகள் என்பதால் எனக்கு இதில் வருத்தம் அதிகம்.

அந்த வயதில் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9 என்றால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா, கொக்கிப்புழு இருக்கிறதா, சாப்பாட்டில்தான் குறையா என்று காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரும்பு மாத்திரை கொடுத்தால் டீ, காபி, பாலுடன் சேர்த்துப் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை உடனே நிறுத்தவும் கூடாது. உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

இரும்பை உடம்பு ஏற்க வைட்டமின் சி உதவும். மாதுளையில் அது 100 கிராமுக்கு 10 மி.கி. அளவில்தான் இருக்கிறது, கொய்யாவில் 200-க்கு மேல். அதனால் மாத்திரைக்குத் துணை கொய்யாவோ எலுமிச்சையோ இருக்கட்டும். மாதுளை பிடித்திருந்தால் பழமாகச் சாப்பிடட்டும்.

எனக்குச் சர்க்கரை நோய். மாதுளை சாப்பிடலாமா?

முத்தாகச் சாப்பிடலாம், ஜூஸாக வேண்டாம். 100 கிராம் முத்தில் சர்க்கரை 14 கிராம் அளவுக்கு இருக்கிறது, கூடவே 4 கிராம் நார்ச்சத்தும் உண்டு. மென்று சாப்பிடுவதால் சர்க்கரை மெதுவாக ஏறும். 250 மி.லி. ஜூஸில் சர்க்கரை 30 கிராமைத் தாண்டிவிடும், நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அரைப் பழம் போதும், சாப்பாட்டுக்கு மேல் உடனே வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அதுவே சொல்லிவிடும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மாதுளம் தோலைக் காயவைத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?

மாமியார் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. குடலின் மேல்தோலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை இறுக்கும், கசிவைக் குறைக்கும். வயிற்றுப்போக்குக்கு மாதுளம் தோலைப் பல நாட்டு மருத்துவங்களும் பயன்படுத்தியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு ஆபத்து வருவது உடம்பில் நீரும் உப்பும் வற்றுவதால். மலம் கெட்டியாவது அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியது. முதல் வேலை ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒவ்வொரு முறை போன பிறகும், வாந்தி எடுத்தாலும், கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வழக்கமான சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கஷாயத்தின் துவர்ப்பு வீட்டுக்கு வீடு மாறும், சின்ன வயிற்றுக்கு அளவு பார்த்துக் கொடுக்க முடியாது. அதனால் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, கண் குழிவிழுந்து சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெரியவர்களுக்கு வாய்ப்புண் என்றால் இதே தோல் கஷாயத்தை ஆறவைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூச்சி வெளியேற மாதுளை வேர்ப்பட்டைக் கஷாயம் நல்லது என்று படித்தேன். உண்மையா ஐயா?

(என்னை ஐயா என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி, அக்கா என்றே கூப்பிடலாம்.)

பழமையான வைத்தியம்தான். சுமார் கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்தின் ஈபர்ஸ் சுவடியிலேயே குடற்புழுவுக்கு மாதுளை வேரைச் சொல்லியிருக்கிறது. கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸும் எழுதியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. வேர்ப்பட்டையில் இருந்து 1878-இல் தான்ரே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்து, மலேரியா மருந்தான குயினைனைக் கண்டறிந்த பெல்டியேவின் நினைவாகப் பெல்டியரின் என்று பெயர் வைத்தார். நாடாப்புழுவை அது செயலிழக்கச் செய்யும்.

அளவு கொஞ்சம் மீறினால் அது புழுவோடு நிற்காது. தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்குவது வரை போகும். மேலும், நம்மில் பலருக்கு இருப்பது கீரிப்பூச்சியும் உருண்டைப்புழுவும், நாடாப்புழு அரிது. இன்ன புழு என்று தெரியாமல் நஞ்சுள்ள பட்டையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மருத்துவர் எழுதித் தரும் அல்பெண்டசோல் பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மி.கி. ஒரே வேளை. வேர்ப்பட்டையைத் தொடாதீர்கள்.

மாதுளம் பூச்சாற்றை மூக்கில் விட்டால் மூக்கில் ரத்தம் நிற்குமா?

பூவிலும் துவர்ப்பு இருக்கிறது, அதனால்தான் அப்படிச் செய்து வந்தார்கள். ஆனால் ரத்தம் வழியும்போது மூக்குக்குள் சாறு விட்டால் அது தொண்டைக்குள் போகும், கழுவாத பூவின் அழுக்கும் உள்ளே போகும். ரத்தம் வருபவரை நேராக உட்காரவைத்துத் தலையை முன்னால் சாயச் சொல்லுங்கள், அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். மூக்கின் கீழ்ப்பாதி, எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்குமே, அதை இரு விரலால் அழுத்திப் பிடித்து வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் விரலை எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லையென்றால் மருத்துவமனை.

அப்பா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். மாதுளை ஜூஸ் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

விடக்கூடாது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவை ஜூஸ் கொஞ்சம் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. மாத்திரையின் வேலையை அது செய்யாது. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பெரிய டம்ளர் ஜூஸில் பொட்டாசியம் 500 மி.கி.யைத் தாண்டும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் தினசரி ஜூஸ் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோயைத் தடுக்குமாமே?

ஆய்வகத்தில் செல்களின் மேல் நல்ல விளைவு தெரிந்தது உண்மை. 2006-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயாளிகளிடம் ஜூஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு நம்பிக்கை தந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மாதுளை இல்லாத போலி பானம் குடித்த குழு அதில் இல்லை. பிறகு அப்படியொரு குழுவோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதயநோய், புராஸ்டேட் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் நல்லது என்று விளம்பரம் செய்த போம் வொண்டர்ஃபுல் என்ற மாதுளை ஜூஸ் நிறுவனத்துக்கு எதிராக, அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2013-இல் தீர்ப்பு சொன்னது; 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதியை உறுதி செய்தது. சிகிச்சையில் இருப்பவர் யாரும் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இது என் கெஞ்சல்.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

பழம் தாராளமாகச் சாப்பிடலாம். தோல், வேர்ப்பட்டை மருந்துகள் வேண்டவே வேண்டாம். 100 கிராம் முத்தில் ஃபோலேட் 38 மைக்ரோகிராம்தான், அதனால் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உள்ளே இருக்கும் வெள்ளை விதையைத் துப்ப வேண்டுமா? உரிப்பதும் பெரிய வேலையாக இருக்கிறது.

மென்று விழுங்குங்கள், நார்ச்சத்தின் பெரும்பங்கு அதில்தான். சின்னக் குழந்தைக்கு மட்டும் நசுக்கிக் கொடுங்கள், புரையேறாமல் இருக்கும்.

உரிக்க: கிரீடம் போல இருக்கும் முனையைச் சுற்றி மேலோட்டமாக வெட்டி மூடியைப் போல எடுங்கள். உள்ளே வெள்ளைச் சவ்வு அறை அறையாகப் பிரிந்திருப்பது தெரியும். அந்தச் சவ்வு ஓடும் வழியில் தோலை மட்டும் கீறி, கையால் பிளந்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து முத்தை உதிருங்கள். முத்து அடியில் தங்கும், சவ்வு மேலே மிதக்கும். கறை தெறிக்காது. வடிகட்டி, ஈரம் போக உலர்த்தி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் வரும். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.