பவுண்ட் மிரட்டினாரா?

அன்புள்ள ஐயா,

1941-இல் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைப் பிரிட்டிஷ் கடற்படை வேட்டையாடியது பற்றிய உங்கள் கட்டுரையில், அதோடு விடாமல் மோதாததற்காக, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலின் கேப்டன் லீச்சையும் அட்மிரல் வேக்-வாக்கரையும் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) செய்ய, கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் முனைந்தார் என்றும், அப்படிச் செய்தால் பதவியை உதறிவிட்டு அவர்களுக்காக வந்து பேசுவேன் என்று அவர்களின் தளபதி அட்மிரல் டோவி சொன்னார் என்றும் எழுதியிருந்தீர்கள். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் காட்டினேன். "இதற்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. டோவி கிழவர் விட்ட கதை" என்று சிரிக்கிறார். ஆனால் நான் புரட்டிய பல புத்தகங்களில் இது இருக்கிறதே? இத்தனை பேர் எழுதியது பொய்யாகுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மாமா சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அவசரம். அந்த வரியை எழுதியபோது நானும் அவசரப்பட்டிருக்கிறேன்.

இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே என்கிறீர்கள். அந்தப் புத்தகங்களின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்போம்: போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, கடற்படை வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ராஸ்கிலுக்கு டோவி எழுதிய கடிதங்கள். வாய்க்கால் எத்தனை பிரிந்தாலும் மதகு ஒன்றுதான். பத்துப் பேர் எடுத்து எழுதியதால் சாட்சி பத்தாகிவிடாது.

டோவியை மறுக்கவோ ஆமோதிக்கவோ கூடியவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. லீச் 1941 டிசம்பர் 10 அன்று, மலாயாவுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை மூழ்கடித்தபோது அதே கப்பலோடு போனார். பவுண்ட் 1943 அக்டோபரில் இறந்தார், வேக்-வாக்கர் 1945 செப்டம்பரில். டோவி மட்டும் 1971 வரை இருந்தார். கடைசியாக இருப்பவர் சொல்வதே வரலாறாகிவிடும் என்பது நம் குடும்பச் சொத்துத் தகராறுகளிலேயே பார்க்கிறதுதான்.

ஆனால் இதை வைத்து மட்டும் கதையைத் தள்ளிவிட முடியாது. கோபம், மிரட்டல், டோவியின் பதில் என்று மூன்று விஷயங்கள் இதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது.

கோபத்துக்கு அன்றைய ஆதாரமே இருக்கிறது. 1941 மே 24 காலை ஆறு மணி வாக்கில், பிஸ்மார்க்கோடு நடந்த சண்டையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட் வெடித்தது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர். கூட இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அப்போதுதான் கட்டி முடித்த கப்பல். பீரங்கிகளைச் சரிபார்க்கத் தொழிற்சாலை ஆட்கள் இன்னும் உள்ளேயே இருந்தார்கள். பீரங்கிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன, மேலே லீச்சைச் சுற்றி நின்றவர்கள் ஒரு குண்டில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அவர் கப்பலைத் திருப்பினார். ஹூட் போனதில் தலைமை வேக்-வாக்கரிடம் வந்தது. அவர் மறுபடி மோதாமல், டோவியின் பெரிய கப்பல்கள் வந்துசேரும்வரை பிஸ்மார்க்கைப் பின்தொடர்வது என்று முடிவெடுத்தார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை மறுபடி சண்டைக்கு அனுப்புவது பற்றி உமது எண்ணம் என்ன என்று அன்று பிற்பகலே லண்டன் தலைமையகத்திலிருந்து செய்தி போனது. படிக்கச் சாதாரணக் கேள்விதான். ஆனால் மேலதிகாரி இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்பது அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஆதாரம் இதைவிட முக்கியம். சர்ச்சிலின் அந்தரங்கச் செயலர்களில் ஒருவரான ஜான் கோல்வில் மறுநாள், மே 25 தேதியிட்ட நாட்குறிப்பில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஏன் விடாமல் தாக்கவில்லை என்று பிரதமருக்குப் புரியவே இல்லை, 1914-இல் கோபன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை விட்டு ட்ரூபிரிட்ஜ் விலகியதற்குப் பிறகு இவ்வளவு மோசமான காரியம் நடந்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார் என எழுதிவைத்திருக்கிறார். ட்ரூபிரிட்ஜ் யார்? கோபனோடு மோதாததற்காக அந்த நவம்பரிலேயே கோர்ட் மார்ஷலில் நின்ற அட்மிரல். விடுதலையானார், ஆனால் கடலில் அவருக்கு மறுபடி கப்பல் கிடைக்கவில்லை. பிரதமரின் வாயில் அந்தப் பெயர் உருண்டுகொண்டிருந்தபோது, கோர்ட் மார்ஷல் என்ற சொல் லண்டனில் யார் மனதிலும் எழவில்லை என்று சொன்னால் அதைத்தான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது மிரட்டல். குற்றப்பத்திரம் இல்லை, உத்தரவு இல்லை, விசாரணையும் நடக்கவில்லை. ஆனால் மேலதிகாரி வாயால் விடுகிற மிரட்டலுக்குக் காகிதம் எங்கே இருக்கும்? கடற்படை எல்லாவற்றையும் எழுதிவைக்கும் என்று மாமா சொல்லக்கூடும். அப்படியொன்றும் இல்லை: ஹூட் ஏன் வெடித்தது என்று ஆராய்ந்த முதல் குழுவே சாட்சிகள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை பதிவுசெய்யாமல் விட்டது. அதனால் இன்னொரு குழு அமைக்க வேண்டியதாயிற்று.

பவுண்ட் தலைமையகத்தின் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். 1940 நவம்பரில் இத்தாலியின் சார்டினியா தீவுப் பக்கம் சண்டை முடித்த அட்மிரல் சோமர்வில், துறைமுகம் வந்து சேர்வதற்கு முன்பே அவர்மேல் விசாரணைக்கு ஏற்பாடாகிவிட்டது. அதே ஆண்டு ஜிப்ரால்டரில் பதவி பறிபோன அட்மிரல் டட்லி நார்த், என்னைக் கோர்ட் மார்ஷல் செய்து பாருங்கள் என்று தானே கேட்டும் செய்யவில்லை. அதாவது ஆட்களை விரட்டுவதில் வேகம், நீதிமன்றத்தில் நிறுத்திச் சோதிப்பதில் தயக்கம். மிரட்டி, அப்புறம் பேசாமல் விட்டிருந்தால் இந்தச் சுபாவத்துக்கு அது பொருந்தும். ஆனால் பொருந்துகிறது என்பதற்காக நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பதவி விலகுவேன், 'கைதியின் நண்பனாக' வந்து நிற்பேன் (குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசுபவருக்குப் பிரிட்டிஷ் கடற்படையில் அதுதான் பெயர்) என்ற அந்த வசனம், இருபது வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் மாதிரி இருக்கிறது. சொன்னவரே நாயகன் என்றால் வசனத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வது என் வழக்கம். ஆனால் சாரத்தைக் கழிக்க முடியாது. 1941 ஜூலையில், நினைவு பச்சையாக இருந்தபோது எழுதிய அதிகாரபூர்வ அறிக்கையில் வேக்-வாக்கரின் முடிவு சரியானதே என்று டோவி எழுதினார். 1947-இல் அது அரசிதழில் வெளிவந்தது. அவர்கள் பக்கம் நின்றார் என்பதற்கு முதுமைக்காலக் கடிதம் தேவையில்லை.

லீச்சுக்கு அந்த அக்டோபரில் டி.எஸ்.ஓ. என்ற வீரப் பதக்கம் தந்தார்களே, வேக்-வாக்கரை 1942-இல் பதவி உயர்த்தினார்களே, அப்புறம் என்ன மிரட்டல் என்று கேட்பவர்கள் உண்டு. கடைசியில் யாரும் தண்டிக்கப்படவில்லை என்றுதான் அதிலிருந்து தெரிகிறது. மே மாதக் கடைசியில் தொலைபேசியில் யார் என்ன கத்தினார்கள் என்பதை அக்டோபர் பதக்கம் சொல்லாது.

கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "இருவரையும் கோர்ட் மார்ஷல் செய்ய பவுண்ட் நினைத்ததாகவும், தான் அதைத் தடுத்ததாகவும் டோவி பின்னாளில் எழுதினார்." மாமாவிடம் காட்டுங்கள். இன்னும் சிரித்தால், கோல்வில் நாட்குறிப்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.