ஆளே ஏறாத பழைய ரயில் பாதைகளைக் கோடிக்கணக்கில் செலவழித்து அரசு மறுபடி திறப்பது வீண்தானே?

கேள்விக்கு உதாரணமாக மதுரை–போடி ரயிலைச் சொல்லியிருக்கிறீர்கள். மூணாறு போகும் வழியில் கேட் போட்டிருந்தபோது காலிப் பெட்டிகள் கடந்து போனதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பாதையில் மதுரைக்கும் தேனிக்கும் நடுவில் இருக்கும் உசிலம்பட்டிக்காரன். அந்தப் பெட்டிகள் ஏன் காலியாகப் போகின்றன என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

1928-இல் வந்த பாதை அது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், சுதந்திரத்துக்குப் பிறகுதான் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதையாக்க என்று 2010 கடைசியில் மறுபடியும் ரயிலை நிறுத்தினார்கள். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம் நடக்கவே 2020 ஜனவரி ஆகிவிட்டது. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே 26, போடிக்கு 2023 ஜூன் 15. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வருடத்தையும் பாறை மேல் போட முடியாது. பட்ஜெட்டோடு வரும் 'பிங்க் புக்'கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்த வருடம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பணம் வந்தால் ஜல்லி கொட்டுவார்கள், தீர்ந்தால் வேலை நிற்கும். தமிழ்நாட்டின் சில புதிய பாதைகளுக்கு ஒரு வருடத்துக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய கூத்தும் நடந்திருக்கிறது. திட்டம் இன்னும் சாகவில்லை என்று காட்டத்தான் அந்த ஆயிரம்.

இந்த இடைவெளியில் ஊர் சும்மா இருக்குமா? வசதி உள்ளவன் பைக் வாங்கினான், இல்லாதவன் பஸ்ஸுக்குப் பழகினான், மதுரையில் வேலை கிடைத்தவன் அங்கேயே வாடகைக்குப் போய்விட்டான்.

சரி, ரயில் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. காலை எட்டரைக்கு மதுரையில் கிளம்பி தேனிக்குப் போனது, சாயங்காலம் ஆறேகாலுக்குத் தேனியில் கிளம்பி மதுரைக்குத் திரும்பியது. எங்கள் பக்கத்து ஜனம் ஆஸ்பத்திரி, காலேஜ், கடை வேலை என்று காலையில் போவது மதுரைக்கு. ரயிலோ அந்த நேரத்தில் எதிர்த்திசையில் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரையால் காலில் புண். மதுரையில் காட்ட வேண்டும், ஓ.பி. சீட்டு காலையிலேயே வாங்கியாக வேண்டும். பஸ் படிக்கட்டு உயரம், அவரால் ஏற முடியாது. ரயில் விட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்மளும் ரயில்லயே போலாமாடா?" காலையில் மதுரைக்கு ரயில் இல்லை என்று சொன்னேன். "பெறகு எதுக்கு விட்டாய்ங்க?" என்றார். அப்போது டிக்கெட்டும் மலிவில்லை. கொரோனாவுக்குப் பிறகு சாதாரண ரயிலுக்கே எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள், 2024-இல்தான் பழையபடி 10 ரூபாயாக்கினார்கள்.

     

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2012-இல் மூடி 2019 ஜூனில் திறந்தது. பாதை புதுசு, ஆனால் கேட் கீப்பர் போடவில்லை. ரயிலிலேயே ஆள் ஏறி வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ரயிலில் கூட்டம் இல்லை என்று சொன்னால் அது யார் குற்றம்?

தண்டவாளம் போடத் தனிப் பணம், ரயில் ஓட்டத் தனிப் பணம். முதலாவதுக்குக் கொடியசைப்பு விழா உண்டு, மேடை உண்டு, மதுரை–தேனி வரைக்கும் மட்டுமே 500 கோடிக்கு மேல் என்று செய்தியில் வரும். காலையில் இன்னொரு ரயில் விட ஒரு ரேக் (ஒரு ரயிலுக்கான பெட்டி வரிசை), டிரைவர், கார்டு, கேட்டுக்கு ஆள் ஆகியவற்றுக்கு எந்த விழாவும் இல்லை.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் டெல்லியில் இரண்டு பக்கமும் ஆண்டுவிட்டார்கள். மூடிய பாதை எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, சிலவற்றுக்கு உண்மையிலேயே ஆள் வராது. ஆனால் போடி லைனை அந்தக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்னால், காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து மதுரைக்கு ஒரு பாசஞ்சரை ஒரு வருடம் விடாமல் ஓட்டட்டும். அதற்கப்புறமும் பெட்டி காலியாக வந்தால் இதே கேள்வியைக் கேளுங்கள், நானே உங்கள் பக்கம் பேசுகிறேன்.